வெளியூரில் வலி கிளம்பினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 46 வயது. ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் பரவி நீடிக்கும் வலி நோய்) என்று மருத்துவர் உறுதிசெய்து சில ஆண்டுகள் ஆகின்றன; கீழ்முதுகு வலியும் உண்டு. வீட்டில் இருக்கும்போது மாத்திரை, நடை, ஒத்தடம் என்று ஒருவாறு சமாளித்துக்கொள்கிறேன். அண்மையில் குடும்பத்துடன் பயணம் போனபோது, இரண்டாம் நாள் மாலையே உடல் முழுவதும் வலி கிளம்பி, விடுதி அறையை விட்டு வெளியே வர முடியாமல் போயிற்று. எல்லோருடைய மகிழ்ச்சியையும் நான் கெடுத்துவிட்டேன் என்ற குற்றவுணர்வு ஒருபுறம். முதுகில் நரம்பு ஏதாவது நசுங்கிவிட்டதோ என்ற பயம் மறுபுறம். அந்தப் பயத்தில் வலி மாத்திரையை வழக்கத்தைவிடக் கூடுதலாக விழுங்கிவிட்டேன். இனிப் பயணமே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? மீண்டும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: பயணத்தை விட்டுவிட வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, அந்த அறையில் நீங்கள் தனியாகச் சுமந்த பயம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அவ்வளவு காலம் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும் வலியையும் மருத்துவம் நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. கால் சுளுக்கியவுடன் வரும் வலி, அங்கே தசைநார் காயப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்கிறது. நாட்பட்ட வலியில், குறிப்பாக ஃபைப்ரோமயால்ஜியாவில், வலியின் அளவைக் கொண்டு காயத்தின் அளவைக் கணிக்க முடியாது. உடலிலிருந்து வரும் சமிக்ஞைகள் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகின்றன என்ற விளக்கத்தை வலி ஆய்வாளர்களான ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965-ல் முன்வைத்தனர். தண்டுவட நரம்பு செல்களே மிகையான உணர்வுநிலைக்குப் போய்விடக்கூடும் என்பதை 1983-ல் கிளிஃபோர்டு வூல்ஃப் ஆய்வில் காட்டினார். உங்கள் நரம்பு மண்டலம் அப்படிப்பட்ட மிகையுணர்வில் இருப்பதால், சாதாரண அழுத்தமும் களைப்பும்கூட உங்களுக்குக் கடும் வலியாகத் தெரிகின்றன. வலி உண்மையானது, அதை நீங்கள் கற்பனை செய்யவில்லை. ஆனால் வலி இரு மடங்காகும்போது உள்ளே சேதமும் இரு மடங்காகிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் பயணத்தைப் பாருங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாளின் மூட்டை கட்டும் வேலை, அதிகாலையில் கலைந்த தூக்கம், பல மணி நேரம் ஒரே இருக்கை, பழகாத படுக்கை, நேரம் தவறிய உணவும் மாத்திரையும், மற்றவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பதற்றம் ஆகியவற்றில் எதுவும் தனியாக உங்களை வீழ்த்தியிருக்காது. ஆனால் எல்லாம் இரண்டு நாட்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இவற்றுள் தூக்கக் குறைவையே நான் முதன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் தூக்கம் குறைந்தால் நலமாக இருப்பவர்களுக்கும் வலி தாங்கும் திறன் குறைகிறது. எனவே இரண்டாம் நாள் மாலையில் வலி கிளம்பியதில் வியப்பில்லை.

இனி அந்த மாலையில் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். அன்றைய மாலையை மட்டும் விட்டுக்கொடுங்கள். மீதிப் பயணத்தைப் பற்றி அப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள், ஏனெனில் வலி உச்சத்தில் இருக்கும்போது மனம் எல்லாவற்றையும் முடிந்துபோனதாகவே காட்டும். படுத்தால் மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு அடியிலோ, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையிலோ ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முதுகின் இறுக்கம் குறையும். வெந்நீர்ப் பை இருந்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் ஒத்தடம் கொடுக்கலாம். அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டால் தோல் வெந்துவிடும், அதிலும் நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வெந்தது தெரியவே தெரியாது. பை இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதே போதும். விளக்கையும் சத்தத்தையும் குறைத்துவிட்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் பத்து நிமிடங்கள் மூச்சுவிட்டுப் பாருங்கள். இது வலியை அழித்துவிடாது. ஆனால் வலியோடு சேர்ந்து ஏறும் படபடப்பைத் தணிக்கும், அது தணிந்தாலே வலியின் கடுமையும் சற்றுக் குறையும்.

ஆனால் மறுநாள் வரை அசையாமல் கிடக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு மூன்று நிமிடங்கள் நடங்கள்; தோள், இடுப்பு, கணுக்கால் மூட்டுகளை மெல்ல அசையுங்கள். நெடுநேரப் படுக்கை ஓய்வு முதுகு வலிக்கு நன்மை செய்வதில்லை என்பது பல ஆண்டுகளாகவே மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. மறுநாள் காலை உடல் சற்று இலேசானால் இன்னொரு கண்ணி காத்திருக்கும்: இழந்ததை ஈடுகட்ட வேண்டுமென்று இரண்டு நாட்களின் இடங்களை ஒரே நாளில் சுற்றிவிட்டு, அன்று இரவே மீண்டும் விழுந்துவிடுபவர்கள் மிகப் பலர். நன்றாக இருக்கும் காலையில்தான் உங்களுக்குக் கட்டுப்பாடு தேவை.

மாத்திரையைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நலமான பெரியவர் ஒருவர் பாராசிட்டமால் மருந்தை 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது; உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு. சளி, காய்ச்சலுக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதால், அட்டையில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் படிக்காமல் எதையும் விழுங்காதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை ஒரே வகையைச் சேர்ந்தவை. இவற்றில் இரண்டைச் சேர்த்து எடுப்பதால் நிவாரணம் கூடாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்புதான் கூடும், பயணத்தில் போதிய தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அந்த ஆபத்து மேலும் பெருகும். அதைவிட முக்கியமானது, ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு இந்த வகை மருந்துகளால் பெரிதாகப் பயன் கிடைப்பதில்லை என்பது. இந்த நோய்க்குத் தரப்படும் டுலாக்செடின், அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் நாள்தோறும் ஒழுங்காக எடுத்துக்கொள்வதால்தான் வேலை செய்கின்றன. வலி கூடிய அன்று நீங்களாகவே கூடுதலாகப் போட்டுக்கொள்வதும், வீட்டில் மறந்து வைத்துவிட்டுத் திடீரென நிறுத்துவதும் தீங்கானவை. டுலாக்செடின் எடுப்பவர், உடன் வந்தவர் அன்போடு நீட்டும் டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையை வாங்கி விழுங்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் உடலில் செரடோனின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாக் கடும் வலியும் பழைய வலிதான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவற்றுள் ஒன்று முதுகு வலியோடு புதிதாகத் தோன்றினாலும் அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலிப்பது, வாழ்நாளில் கண்டிராத திடீர்த் தலைவலி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இவை எதுவும் இல்லாமல், உங்களுக்குப் பழகிய இடங்களில் பழகிய விதத்தில் வலி கூடியிருந்தால், அது உங்கள் பழைய வலியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்தக் குறிகளை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு நசுங்கிவிட்டதோ என்ற பயம் எழும்போது அதை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

அதே தாளின் மறுபக்கத்தில் உங்கள் திட்டத்தையும் எழுதுங்கள். போய்ச் சேரும் நாளில் வேறு எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை மட்டும். உட்கார்ந்து போகும் பயணத்தில் 45 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது எழுந்து நில்லுங்கள் அல்லது நிலையை மாற்றுங்கள். வலித்த பிறகு ஓய்வெடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடுங்கள். புறப்படுவதற்கு முன்பே குடும்பத்தாரிடம், ஏதாவது ஒரு நாள் நான் அறையில் தங்க நேரிடலாம், நேர்ந்தால் நீங்கள் போய்விட்டு வர வேண்டும் என்று சொல்லி வையுங்கள். வலி வந்த பின் இதைப் பேசினால் அவர்களுக்கு அதிர்ச்சியாகவும் உங்களுக்கு மன்னிப்புக் கேட்பது போலவும் இருக்கும். முன்பே பேசிவிட்டால் அது ஏற்பாடுகளில் ஒன்றாகிவிடும். யாருடைய மகிழ்ச்சியையும் நீங்கள் கெடுக்கவில்லை, சகோதரி. நோயோடு அவர்களுடன் அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு நீண்டகால இடுப்பு வலி. வெளியூரில் வலி வரும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சலடைகிறார். கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்கிறார். நான் எப்படி நடந்துகொள்வது?

பதில்: இரண்டிலும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் தம் கவனத்தை வலியின் பக்கம் திருப்பி, அளந்து, உங்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்களில் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்: ஆறு என்று அவராகச் சொன்னால் உட்கார இடம் தேடுவது, எட்டு என்றால் கேள்வியின்றி அறைக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே பேசி முடிவுசெய்யலாம். பெட்டிகளைத் தூக்குவது, வரவேற்பறையில் பேசி மாடி ஏறத் தேவையில்லாத அறையைக் கேட்டு வாங்குவது, வெந்நீருக்கு ஏற்பாடு செய்வது போன்றவற்றை அவர் கேட்கும் முன் செய்துவிடுங்கள்; ஆனால் அவர் சார்பில் நிகழ்ச்சிகளை ரத்து செய்யும் முடிவை நீங்களே எடுத்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற சொல்லை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், இரு வாரங்களுக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசியும் எடுத்துக்கொள்ளும் என் தந்தை, ஒன்பது மணி நேர விமானப் பயணம் மேற்கொள்ள இருக்கிறார். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் அது பயன்படாது. ஆகவே சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்காமல், குளிர்காப்புப் பையில் இட்டு, பனிக்கட்டிப் பொதி மருந்தை நேரடியாகத் தொடாதவாறு துணி சுற்றி, கைப்பையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். மருத்துவரின் கடிதமும் உடன் இருக்கட்டும். குளிர்ப்பெட்டிக்கு வெளியே எத்தனை நாள் வைக்கலாம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் உறையிலுள்ள குறிப்பைப் படியுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய அம்மாத்திரையைப் பயணக் குழப்பத்தில் நாள்தோறும் எடுத்துவிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையை அட்டையின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். நேர மண்டலம் மாறுவதால் சில மணி நேரம் முன்பின் ஆவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போகும் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமென்றால், அது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி என்பதால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை எடுக்கும் உங்கள் தந்தைக்குப் போடக் கூடாது; மாற்று ஏற்பாட்டுக்காக அவருடைய மூட்டுநோய் மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கி, அவ்வப்போது எழுந்து நடக்கவும் கணுக்கால்களை மேலும் கீழும் அசைக்கவும் சொல்லுங்கள். வீல்சேர் உதவியை விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவனுக்கு எதற்கு வீல்சேர் என்று அவர் மறுக்கக்கூடும். நிலைய வளாகத்தின் நீண்ட நடையில் செலவாகும் தெம்பு, போய்ச் சேர்ந்த பின் பேரக்குழந்தைகளோடு இருக்கத் தேவைப்படும் என்று எடுத்துச் சொல்லுங்கள். போன இடத்தில் மூட்டு வீங்கிச் சூடாக வலித்தால் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடத்தை 10 முதல் 15 நிமிடங்கள் கொடுத்து அந்த மூட்டுக்கு ஓய்வளிக்கலாம். ஆனால் காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அது அவசர நிலை. அப்போது ஊசி, மாத்திரை இரண்டையுமே தள்ளிவைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான் டிரமடால் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: போகும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. டிரமடால், கோடீன், பிரிகாபலின் ஆகியவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளில் இவற்றைக் கொண்டுசெல்ல முன்அனுமதி பெற வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் சேர்த்து, அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அல்லது சுகாதார அமைச்சகத்தின் வழியாகப் பயணச்சீட்டு வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள். மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டாமல் மூல அட்டையிலேயே வைத்து, மருந்தின் மூலப்பெயர், அளவு, நோயின் பெயர் ஆகியவை குறிப்பிடப்பட்ட மருத்துவர் கடிதத்தோடு கொண்டுசெல்லுங்கள். அனுமதி கிடைக்காத நாடென்றால் நீங்களாக மருந்தை நிறுத்திவிட்டுப் புறப்பட வேண்டாம். டிரமடாலைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும் என்பதால், மாற்று மருந்துக்கு மாறச் சில வாரங்களாவது இருக்கும்படி உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்.