பஸ்பார் அமைப்புகள்: வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரட்டை பஸ் (சுற்றுகள் எல்லாம் இணையும் பொதுக் கடத்தி, பஸ்பார்) உள்ள துணைமின் நிலையத்தில்கூட, ஒரு பிரேக்கரை (பழுதின்போதும் மின்னோட்டத்தை அறுக்கும் சுவிட்ச்) பராமரிக்க அந்த ஃபீடரை (பஸ்ஸிலிருந்து செல்லும் லைன்) நிறுத்தச் சொல்கிறார்கள். பிறகு இரண்டு பஸ் எதற்கு?

பதில்: ஃபீடருக்கு பஸ் இரண்டு, பிரேக்கர் ஒன்றுதான். ஒரு பஸ் பழுதானால் அதிலிருந்த ஃபீடர்களை மற்றதற்கு மாற்றி மின்சாரம் தரலாம். இன்சுலேட்டரைத் துடைப்பதற்காக நிலையத்தையே அணைக்க வேண்டியதில்லை. பிரேக்கருக்கு மாற்று வேண்டுமென்றால், அதைத் தவிர்த்துச் செல்ல வழி தரும் டிரான்ஸ்ஃபர் பஸ் தேவை. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றெனக் கொண்டு வரையப்படும் திட்டங்கள்தான் பின்னாளில் தொல்லை தருகின்றன. எந்த அமைப்பானாலும், ‘இந்தப் பிரேக்கர் வெளியே இருக்கும்போது அந்த பஸ்ஸில் பழுது வந்தால் எவையெல்லாம் அணையும்?’ என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சுமையோடு ஐசொலேட்டரை (பிரித்து வைக்க மட்டுமே பயன்படும், சுமை மின்னோட்டத்தை அறுக்க முடியாத சுவிட்ச்) திறக்கக் கூடாது என்று படித்தோம். ஆனால் ஃபீடரை ஒரு பஸ்ஸிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது அப்படித்தானே திறக்கிறோம்?

பதில்: படித்தது சரி, செய்வதும் சரி, இடையில் பஸ் கப்ளர் (இரு பஸ்களையும் இணைக்கும் பிரேக்கர்) மூடியிருக்கிறது, அதாவது மின்சாரம் செல்லும் நிலையில் இருக்கிறது என்பதே காரணம். முதலில் கப்ளரை மூடுகிறோம். இரண்டு பஸ்களும் ஒரே மின்னழுத்தத்துக்கு வருகின்றன. அடுத்து ஃபீடரை மற்ற பஸ்ஸோடு இணைக்கும் இரண்டாவது ஐசொலேட்டரை மூடுகிறோம். ஃபீடருக்கு இப்போது இரண்டு பாதைகள். முதலாவதைத் திறக்கும்போது மின்னோட்டம் அறுபடுவதில்லை, மற்ற பாதைக்கு நகர்கிறது. திறக்கும் முனைகளுக்கு இடையே அந்த வளையத்தின் சிறு மின்னழுத்த இறக்கம் மட்டுமே இருப்பதால் சிறு பொறியோடு முடிந்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு ஐசொலேட்டர்களும் மூடியிருக்கும் நேரத்தில் கப்ளர் டிரிப் ஆகிவிட்டால் (தானாகத் திறந்துவிட்டால்), இரு பஸ்களையும் இணைப்பது அந்த ஐசொலேட்டர்கள் மட்டுமே. அதை அறியாமல் ஒன்றைத் திறந்தால் பெரும் மின்வில் எழும். இயக்குபவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல நிலையங்களில் மாற்றும் வேளையில் மட்டும் கப்ளரின் டிரிப் டி.சி.யை (பிரேக்கரைத் திறக்கவைக்கும் மின்வழங்கல்) துண்டித்து வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்பக் கொடுப்பது இயக்கக் குறிப்பில் தனி வரியாக இருக்க வேண்டும்.

அந்தச் சில நிமிடங்களில் பஸ்பார் பாதுகாப்புக்கும் (பஸ்ஸில் பழுது வந்தால் அதன் பிரேக்கர்களைத் திறக்கும் ஏற்பாடு) இரண்டு பஸ்கள் ஒரே மண்டலம்தான். எங்கே பழுது வந்தாலும் எல்லாம் போகும். ரிலேக்கு (பழுதைக் கண்டு டிரிப் கட்டளை தரும் கருவி) ஐசொலேட்டரின் நிலை சரியாகத் தெரிய வேண்டும்: முதன்மை முனைகள் சேருமுன்பே நிலையைத் தெரிவிக்கும் துணை முனை ‘மூடியது’ என்று சொல்லிவிட வேண்டும். பராமரிப்பில் இதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் பஸ் வழியே ஃபீடரை ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஃபீடர் ரிலேயின் டிரிப் கட்டளை கப்ளர் பிரேக்கருக்குப் போகும்படி டிரிப் டிரான்ஸ்ஃபர் சுவிட்சைத் திருப்பினீர்களா என்று. மறந்தால், லைனில் பழுது வரும்போது ரிலே ஏற்கெனவே திறந்திருக்கும் பிரேக்கரைத்தான் திறக்கச் சொல்லும்.

கேள்வி: ஒன்றரை பிரேக்கர் அமைப்பில் (இரண்டு பஸ்களுக்கு இடையே மூன்று பிரேக்கர்கள், இரண்டு சுற்றுகள்) நடு பிரேக்கர் சிக்கிக்கொண்டால்?

பதில்: இரண்டு சுற்றுகளும் போகும். லைன் பழுதுக்கு நடு பிரேக்கர் திறக்காவிட்டால், பிரேக்கர் தோல்விப் பாதுகாப்பு சுமார் 200 மில்லிநொடி பொறுத்திருந்து, அதே டயாவின் (அந்த மூன்று பிரேக்கர் வரிசை) மறுபக்கப் பிரேக்கரைத் திறக்கிறது. அடுத்த லைனின் எதிர்முனைக்கும் டிரிப் அனுப்புகிறது. ஆகவே ஒரே ஊருக்குப் போகும் இரண்டு லைன்களை ஒரே டயாவில் வைக்காதீர்கள். மின்சாரம் வரும் சுற்று ஒன்றும் போகும் சுற்று ஒன்றுமாக இணை சேருங்கள். அப்போது இரு பஸ்களும் இல்லாமல் போனாலும் நடு பிரேக்கர் வழியே மின்சாரம் ஓடும்.

கேள்வி: பத்து ஃபீடர்களுக்கு வளைய பஸ் (பிரேக்கர்களும் சுற்றுகளும் மாறி மாறி வளையமாக இணைந்த அமைப்பு) போதுமா?

பதில்: வேண்டாம். ஆறு சுற்றுகளுக்கு மேல் போனால், ஒரு பிரேக்கர் பராமரிப்பில் இருக்கும்போது வரும் பழுது வளையத்தை இரண்டாகப் பிளந்துவிடும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் வளையமாகக் கட்டி, பின்னர் ஒன்றரை பிரேக்கராக விரிக்க இடம் விட்டு வைப்பது நல்ல வழி.

கேள்வி: அலுமினியக் குழாய் பஸ்ஸில் ஒரு முனையை இறுக்காமல் விடுவது ஏன்?

பதில்: 10 மீட்டர் குழாய் 50 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் இறுக்கினால் அந்த விசை முழுவதும் இன்சுலேட்டரின் மீது விழும்.