விவாகரத்துக்குப் பின் கூட்டுக் கடனும் சிபில் அறிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: சார், பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டுக் கடனை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் 2 தவணை பாக்கி என்று என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் வருகிறது. தீர்ப்பு நகலை அனுப்பினால் நீக்குவார்களா?

பதில்: நீக்க மாட்டார்கள் மேடம். உங்கள் விவாகரத்து வழக்கில் வங்கி ஒரு தரப்பு இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி பார்ப்பது கடன் ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும்தான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். பாதிப் பங்கு என்ற கணக்கே கிடையாது.

கையில் பணம் இருந்தால் முதலில் பாக்கியைக் கட்டிக் கணக்கை நேர் செய்யுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரும். பணத்தை அவரிடம் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும், அந்தப் பதிவுதான் ஆதாரம். அதை வைத்து, தீர்ப்பை மீறியதற்காக வக்கீல் மூலம் நிறைவேற்று மனு போட்டு அவரிடம் வசூலிக்கலாம். தீர்ப்பு உங்களுக்குப் பயன்படுவது அங்கேதான். நடந்த தாமதம் உண்மையானது என்பதால் அறிக்கையின் 36 மாத வரலாற்றில் அது இருந்தே தீரும். இனி ஒழுங்காகக் கட்டினால் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகும்.

கேள்வி: எங்கள் மனு இன்னும் தாக்கல் ஆகவில்லை அண்ணா. ஒப்பந்தத்தில் கடனைப் பற்றி என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

பதில்: சரியான நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. "கடனை இன்னார் கட்டுவார்" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். பலர் சிக்குவது அந்த வரியில்தான்.

முதலில் இருவரும் தனித்தனியே முழு அறிக்கை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் உரிமை வகை என்ற இடத்தில் தனிநபர், கூட்டு, ஜாமீன்தாரர், அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்று எது போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறந்துபோன ஜாமீன் கையெழுத்துகள் இங்கேதான் வெளிப்படும்.

பிறகு ஒவ்வொரு கடனுக்கும் கணக்கு எண், அன்றைய நிலுவை, யார் கட்டுவது, மற்றவர் பெயரை எந்தத் தேதிக்குள் வங்கியிலிருந்து விடுவிப்பது, முடியாவிட்டால் வீட்டை எந்தத் தேதிக்குள் விற்பது, இடையில் தவணை தவறி மற்றவர் கட்ட நேர்ந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவது, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். மாதாமாதம் கடன் ஸ்டேட்மென்ட் அனுப்பும் கடமையையும் சேருங்கள். முடிந்தால் ஜீவனாம்சத் தொகையின் கடைசிப் பகுதியைப் பெயர் விடுவிப்போடு இணையுங்கள். பரஸ்பர விவாகரத்தில் இறுதியாகப் போடும் இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போடும் முன்பே கடனை முடித்துவிட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இன்னொன்று: இஎம்ஐ கூட்டு சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா பாருங்கள். புதிய கணக்கில் நாச் மேண்டேட் (தவணையைத் தானாகப் பிடிக்கும் அனுமதி) பதிவாகி ஒரு தவணை போன பிறகுதான் பழைய கணக்கை மூட வேண்டும். கோபத்தில் முதலில் கணக்கை மூடிவிட்டால் தவணை பவுன்ஸ் ஆகி இருவர் அறிக்கையிலும் ஏறும்.

கேள்வி: வீட்டுக் கடனிலிருந்து என் பெயரை எடுக்க என்ன வழி? வீடு அவருக்குப் போகட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.

பதில்: வரிசை முக்கியம். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முதலில் பதிவு செய்து கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. அப்படிக் கொடுத்தால் வீட்டில் பங்கு போய்விடும், கடனில் பெயர் மட்டும் நிற்கும்.

முதலில் இருவரும் சேர்ந்து வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வங்கி இதைப் புதுக் கடன் போலவே பார்க்கும்: அவருடைய வருமானம் மட்டும் மீதிக் கடனைத் தாங்குமா என்று சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்கும். போதவில்லை என்றால் அவருடைய பெற்றோர் அல்லது உடன்பிறந்தவரை இணைக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்லலாம். வங்கியின் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே பத்திரம். புதிய கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளும் பத்திரப் பதிவும் கூடிய வரை ஒன்றாக இருக்கட்டும்.

வங்கி மறுத்தால் அவர் தன் பெயரில் மட்டும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணம் கிடையாது. அதுவும் முடியவில்லையா, விற்றுக் கடனை அடைப்பதே மிச்சம். முழுக் கடனும் அடைந்த 30 நாளில் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

பத்திரப் பதிவில் கணவன் மனைவிக்குக் குடும்பச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த பிறகு அந்த உறவைக் காட்டிக் கேட்பது சிக்கலாகும், பதிவு அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: அவருடைய கிரெடிட் கார்டில் எனக்கு ஆட்-ஆன் கார்டு (துணை அட்டை) இருந்தது. அந்தப் பாக்கியும் என் தலையிலா?

பதில்: இல்லை. ஆட்-ஆன் கார்டின் பாக்கிக்கு முதன்மைக் கார்டுதாரரே பொறுப்பு. கார்டை ரத்து செய்யச் சொல்லி, உறுதிக் கடிதம் வாங்கி வையுங்கள். உங்கள் கார்டில் அவருக்கு ஆட்-ஆன் இருந்தால் நிலைமை தலைகீழ், இன்றே முடக்குங்கள்.

கேள்வி: மனைவியின் தொழில் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தேன். இப்போது விலகிக்கொள்ளலாமா?

பதில்: ஒருதலையாக முடியாது ஐயா. மாற்று ஜாமீனோ கூடுதல் அடமானமோ கொடுத்து வங்கி எழுத்தில் விடுவித்தால் உண்டு. கேஷ் கிரெடிட், ஓவர் டிராஃப்ட் போன்ற, மீண்டும் மீண்டும் பணம் எடுக்கும் கடனுக்கான தொடர் ஜாமீன் என்றால், இனி எடுக்கும் பணத்துக்கு ஜாமீன் இல்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். அனுப்பும் முன் ஜாமீன் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். ஏற்கெனவே எடுத்த பணத்துக்கான பொறுப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: பாதித் தொகை கட்டினால் செட்டில்மென்ட் செய்துவிடலாம் என்று வங்கி சொல்கிறது. ஒரேயடியாக முடியுமே என்று தோன்றுகிறது.

பதில்: அவசரப்படாதீர்கள். அறிக்கையில் "செட்டில்டு" (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழும், "குளோஸ்டு" (முழுதாக அடைத்தது) என்று விழாது. கூட்டுக் கடன் என்றால் இருவருக்குமே அந்த முத்திரைதான். புதுக் கடன் கேட்கும்போது அதைப் பார்த்துத் தயங்குவார்கள். தவணையை நீட்டித்தாவது முழுதாகக் கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கடன் அடைந்து 3 மாதம் ஆகிறது, பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்றும் இருக்கிறது. ஆனால் என் அறிக்கையில் மட்டும் இன்னும் நிலுவை காட்டுகிறது.

பதில்: இது உண்மையான பிழை, திருத்த முடியும். சான்றை ஸ்கேன் செய்து வங்கிக்கும், பிழை தெரியும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்துக்கும் தனித்தனியே புகார் கொடுங்கள். ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தும் என்று நம்ப வேண்டாம். சிபிலில் டிஸ்பியூட் (பிழைப் புகார்) இணையத்திலேயே போடலாம், கட்டணம் இல்லை. அறிக்கையின் அடையாள எண்ணான கன்ட்ரோல் எண்ணைக் கைவசம் வையுங்கள். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். முதல் புகாரின் எண்ணும் தேதியும் அங்கே கேட்பார்கள்.

கேள்வி: முன்னாள் கணவரின் ஸ்கோர் 600க்கும் கீழே. அது என்னை இழுக்குமா?

பதில்: இழுக்காது. ஸ்கோர் ஆளுக்கு ஆள் தனி, திருமண நிலை அதில் கணக்கே இல்லை. இருவர் பெயரும் உள்ள கணக்குகள் மட்டும்தான் பொது. ஆனால் அந்தக் கூட்டுக் கடன் ஓடும் வரை, நீங்கள் புதுக் கடன் கேட்டால் அதன் முழு இஎம்ஐயையும் உங்கள் பொறுப்பாகவே வங்கி கணக்கிடக்கூடும். அவர் தன் கணக்கிலிருந்து கட்டி வருவதற்கு 12 மாத ஸ்டேட்மென்ட்டும் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் கொடுத்தால் சில வங்கிகள் விட்டுக்கொடுக்கும். விண்ணப்பிக்கும் முன்பே கிளை மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும்.