பகுதி நேரமாகப் போகிறவர்களின் ரெஜிமென்டுக்கு வரலாறும் மரபும் இருக்குமா?

கேள்வி: கனடாவில் ரிசர்வ் ராணுவம் என்பது பகுதி நேர வேலைதானே? அந்த மாதிரி ஒரு ரெஜிமென்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வரலாறு, மரபு எல்லாம் உண்டா?

உண்டு. நான் இருக்கும் ஊரையே உதாரணமாகச் சொல்கிறேன். ஜூலை 1 அன்று நாடு முழுக்க கனடா தினம் கொண்டாடுவார்கள், இங்கே மட்டும் அன்று காலையில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். கொண்டாட்டமெல்லாம் மதியத்துக்கு மேல்தான். காரணம் ஒரு ரெஜிமென்ட், அதுவும் இன்றைக்கு ரிசர்வில் இருக்கும் ஒரு காலாட்படை.

ஊர் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ். படிக்க வந்த புதிதில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பிரிவில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுவார், சில சனி ஞாயிறுகளில் வரவே மாட்டார். ராயல் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்டில் இருந்தார். ஜூன் கடைசியில் ஒருநாள் ஏப்ரனில் குட்டியாக ஒரு நீலப்பூ குத்திக்கொண்டு வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். நன்றாக இருக்கிறதே என்றேன். அவர் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயர் பிரான்சில் ஒரு வெண்கலப் பலகையில் இருக்கிறது, உடல் கிடைக்கவில்லை, அவருக்காகத்தான் இது என்றார். அந்தப் பூவின் பெயர் ஃபர்கெட்-மீ-நாட். என்னை மறக்காதே என்று பொருள்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதி இல்லை, தனி டொமினியன், அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் துருப்புகள் 1870இலேயே கிளம்பிவிட்டதால் ராணுவம் என்று எதுவும் கிடையாது. மீன் பிடிக்கிறவர்கள், மரம் வெட்டுகிறவர்கள், கடையில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று வந்து சேர்ந்த முதல் 500 பேருக்கு க்விடி விடி ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய சிப்பாய் படங்களில் கெண்டைக்காலில் துணி சுற்றியிருப்பார்களே, அந்தப் பட்டிக்குக் காக்கித் துணி கிடைக்காமல் நீலத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். அதனால் அந்த முதல் கூட்டத்துக்கு 'ப்ளூ புட்டீஸ்' என்றே பெயர் நின்றுவிட்டது (புட்டீ என்ற சொல்லே நம் பக்கத்துப் பட்டிதான், இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது). 1914 அக்டோபரில் ஃபுளோரிசெல் என்ற கப்பலில் கிளம்பினார்கள். அடுத்த வருடம் துருக்கியின் கலிப்போலி போர்முனை. அங்கே குண்டோடு குளிரும் நோயும் சேர்ந்து ஆளை எடுத்தன.

அப்புறம்தான் 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், பிரான்சில் போமோன்-ஹாமெல் என்ற சிற்றூர். காலை 7:20க்கு ஜெர்மானியர்களின் நிலைக்கு அடியில் பிரிட்டிஷார் பெரிய வெடி வைத்தார்கள், ஆனால் தாக்குதல் தொடங்கியது 7:30க்கு. அந்தப் பத்து நிமிடம் எதிரிக்குப் போதுமாக இருந்தது. முதலில் போனவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். போதாததற்கு ஜெர்மானியர்கள் விட்ட வெள்ளை வாணத்தைப் பார்த்து நம் ஆட்கள் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தளபதிகள் நினைத்துவிட்டார்கள். ஒன்பதேகால் வாக்கில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. அவர்கள் காத்திருந்த பதுங்கு குழிக்குப் பெயர் செயின்ட் ஜான்ஸ் ரோடு, சொந்த ஊர்ப் பெயர். முன்னால் போகும் குழிகளெல்லாம் பிணமும் காயம்பட்டவர்களுமாக அடைத்துக் கிடந்ததால் மேலே ஏறித் திறந்த வெளியில் நடந்தார்கள். தங்கள் பக்கத்து முள்கம்பியைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். பனிப்புயலுக்கு எதிரே நடக்கும்போது தாடையை நெஞ்சோடு இடுக்கிக்கொள்வோமே, அப்படித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த ஊர்க் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன், ஒவ்வொரு முறையும் இது ஞாபகம் வந்துவிடும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. போனவர்கள் சுமார் 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

ஒரே கடலோரத்துச் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து எல்லாரையும் ஒரே பட்டாளத்தில் சேர்த்தால் இதுதான் நடக்கும், இழவு மொத்தமாக ஒரே நாளில் வரும். அண்ணன் தம்பிகளைச் சேர்த்து இழந்த வீடுகள் இங்கே உண்டு.

மீண்டும் ஆள் சேர்த்து இப்ர், மோன்ஷி, மானியேர் என்று அடுத்தடுத்த போர்க்களங்களுக்குப் போனார்கள். 1917 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 'ராயல்' பட்டம் கிடைத்தது. 1918 அக்டோபரில் டாமி ரிக்கெட்ஸ் என்ற பையன் குண்டு மழையில் நூறு கெஜம் ஓடிப்போய்த் துப்பாக்கிக் குண்டுகளை எடுத்துவந்து, பிரிட்டிஷ் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினான். பதினைந்து வயதில் பொய் வயது சொல்லிச் சேர்ந்தவன், அப்போது வயது 17. திரும்பி வந்து இதே ஊரில் மருந்துக்கடை நடத்திக்கொண்டு, அந்தப் பேச்சையே விரும்பாமல் 1967 வரை வாழ்ந்தார்.

சரி, இது ரிசர்வ் கதையா என்று கேட்பீர்கள். 1919இல் ரெஜிமென்டைக் கலைத்தார்கள். 1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தபோது அதே பெயரில், அதே கரிபூ மான் பேட்ஜோடு, ரிசர்வ் படையாக மறுபடி எழுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சுமப்பது பகலில் கடையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறவர்கள்தான். என் பார்வையில் 1914இல் போனவர்களுக்கு இவர்களைவிடப் பொருத்தமான வாரிசு இல்லை, அவர்களும் தொழில்முறைச் சிப்பாய்கள் இல்லையே.

மரபு என்று கேட்டால் முதலில் அந்தக் கரிபூதான். ரெஜிமென்டின் பாதிரியாராக இருந்த டாமஸ் நாங்கிள் போருக்குப் பிறகு சுமார் 250 பிரெஞ்சு நில உரிமையாளர்களிடம் துண்டு துண்டாகப் பேசி போமோன்-ஹாமெல் களத்தை வாங்கினார். அங்கேயும் இன்னும் நான்கு போர்க்களங்களிலும் வெண்கலக் கரிபூ நிற்கிறது. சில வருடம் முன்பு கலிப்போலியிலும் ஒன்று வைத்தார்கள். நம் ஊர் நடுகல் மாதிரிதான். போமோன்-ஹாமெல் சிலையின் அடியில் உள்ள பலகைகளில், கல்லறை இல்லாமல் போன 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். நான் படித்த மெமோரியல் பல்கலைக்கழகமும் இறந்தவர்கள் நினைவாக 1925இல் கல்லூரியாகத் தொடங்கியதுதான். 1986இல் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழர்களை இந்தத் தீவின் மீனவர்கள் காப்பாற்றியபோது, அவர்களைத் தங்க வைத்ததும் இந்தப் பல்கலைக்கழக விடுதியில்தான். தமிழர்களாகிய நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2020 ஜனவரிப் புயலில் ஒரே நாளில் 76 சென்டிமீட்டர் பனி கொட்டி ஊரே மூடிக்கொண்டது. அப்போது தனியாக இருக்கும் முதியவர்களின் வாசலை மண்வெட்டியோடு வந்து வெட்டித் திறந்துவிட்ட சிப்பாய்களில் இந்த ரெஜிமென்ட் ஆட்களும் இருந்தார்கள்.

2024இல், ஊர் நடுவில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு நூறு வயது ஆன ஜூலை 1 அன்று, பெயர் தெரியாத ஒரு நியூஃபவுண்ட்லாந்துச் சிப்பாயை பிரான்சிலிருந்து கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்தார்கள். கூட்டத்தில் நானும் நின்றேன். பழைய நண்பர் யூனிபார்மில் சாலையோரம் நின்றிருந்தார், அவருடைய அம்மா என் பக்கத்தில் இருந்தார். சவப்பெட்டி கடந்து போகும்வரை யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம், இல்லையா?" என்று கேட்டார். இருக்கலாம் அம்மா என்றேன்.