35 வயதுக்கு மேல் ஐரோப்பிய ரேப்பியர் வாள்வீச்சு கற்க முடியுமா? அதற்கு நல்ல உடல் பலம் வேண்டுமா?

முடியும். ரேப்பியர் என்பது முக்கியமாகக் குத்துவதற்கான நீண்ட, மெல்லிய வாள். நான் 38 வயதில் தொடங்கினேன். வேலைக்காக ஜெர்மனி வந்த பிறகு, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வாரம் இரண்டு மாலை கூடும் சிறு குழு ஒன்றில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குருவிடமிருந்து சீடனுக்கு அறுபடாமல் வந்த கலை அல்ல இது. நடுவில் வழக்கொழிந்து போனதை, பழைய வாள் ஆசிரியர்கள் எழுதிவைத்த நூல்களிலிருந்து மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். எங்கள் குழுவுக்கு அடிப்படை, ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ என்ற வாள் ஆசிரியர் 1610இல் இத்தாலியின் சியேனா நகரில் வெளியிட்ட நூல். அதிலுள்ள படங்களில் ஒருவர் காலை நீட்டிப் பாய்ந்து குத்துவார், மற்றவர் உடலில் வாள் இறங்கியிருக்கும். அந்த நிலைக்கு இருவரும் எப்படி வந்தார்கள் என்று ஒருவர் வாசிக்க, இருவர் மெதுவாகச் செய்து பார்ப்போம். சில மாலைகளில் ஒரே பத்தியோடு நேரம் முடிந்துவிடும். எனக்கு அதுவே பெரிய இன்பம்.

ரேப்பியர் மெல்லியதாகத் தெரிந்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கைப்பிடி நீங்கலாக, வாளின் அலகு மட்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். முதல் மாதம் தோள் கடுமையாக வலிக்கும், பிறகு பழகிவிடும். பலத்தை நம்பிச் சண்டையிடும் வாள் இல்லை இது. எதிராளியின் வாளை அடித்துத் தள்ளக் கூடாது. உங்கள் வாளில் கைப்பிடியை ஒட்டிய வலுவான பகுதியை, அவர் வாளின் முனைப்பக்கத்துக்கு எதிரே கொண்டுபோய், அவர் உங்களை நோக்கிக் குத்தக்கூடிய நேர்க்கோட்டை அடைத்தபடி நிறுத்த வேண்டும். தொடக்கூடத் தேவையில்லை. இத்தாலியர்கள் இதை ‘ஸ்ட்ரிஞ்ஜெரே’ என்பார்கள். சரியாக அமைந்தால் அவரால் நேராகக் குத்த முடியாது, வாளைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அவர் சுற்றும் அந்த நொடியில் நீங்கள் குத்த வேண்டும். எனக்கு இது பிடிபட ஒன்றரை ஆண்டு ஆனது. அதுவரை கையை முறுக்கி அழுத்திக்கொண்டே இருந்தேன். எங்கள் ஆசிரியை இரண்டு விரலால் என் வாளை விலக்கிக் காட்டுவார்.

பலம் பற்றிக் கேட்டீர்கள். 1547இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றியின் கண்ணெதிரே ஒரு வாட்போர் நடந்தது. லா ஷாத்தெனெரே பேர்பெற்ற போர்வீரர், மல்லுக்கட்டுவதிலும் வல்லவர். எதிரே நின்ற ஜார்னாக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் இத்தாலிய ஆசிரியர் ஒருவரிடம் பயிற்சி பெற்று வந்திருந்தார். முழங்காலின் பின்புறம் வெட்டி வீழ்த்திவிட்டார். அது ரேப்பியர் சண்டை அல்ல, கேடயத்தோடு நடந்தது. ஆனாலும் பலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தாங்கள் குத்தும்போதே எதிராளியிடம் குத்து வாங்குவது. இன்றைய ஒலிம்பிக் வாள்வீச்சின் ஒரு வகையான எப்பே போட்டியில் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி உண்டு. கூர்மையான வாளோடு அப்படி நடந்தால் இரண்டு பேருக்கும் சவக்குழிதான். அதனால் எங்கள் குழுவில் இரட்டைக் குத்தை இருவருக்கும் தோல்வியாகவே எண்ணுகிறோம். அப்படி எண்ணத் தொடங்கிய பிறகுதான் தூரத்தைக் கவனிக்கக் கற்றேன். எதிராளி ஓர் அடி எடுத்து வைத்தால் என்னைத் தொட முடியுமா, முடியாதா? சண்டை முழுக்க மனம் இதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அலங்கார வாள் வாங்கிவிடாதீர்கள், பயிற்சியில் அது உடைந்து ஆளைக் காயப்படுத்தும். முதல் செலவு முகமூடி, அடுத்து கழுத்துக் காப்பு, தடித்த மேலங்கி, கையுறை. வாள் பெரும்பாலும் குழுவிலேயே இரவல் கிடைக்கும். அது முனை மழுங்கியதாக, குத்தும்போது வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். அருகில் குழு எதுவும் இல்லையென்றால், உங்களைப் போல் ஆசையுள்ள இன்னொருவரை முதலில் தேடுங்கள். கம்பும் முகமூடியும் இருந்தால் தூரம் பழகலாம். ரேப்பியரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.