நீல நிறத்தைத் தள்ளி வையுங்கள், புதுச்சேரியிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் ஆசிரியரே. கடல்மட்டத்தை உயர்த்திக் காட்டும் வரைபடத்தைக் கொடுத்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஊரையெல்லாம் நீலமாக்கி விளையாடுகிறார்கள், பாடம் மனத்தில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரைபடத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் நடந்து முடிந்த ஒன்றைப் பார்க்கட்டும்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதியைத் திறந்து புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்துக்குப் போங்கள். 1980களின் இறுதியில் அங்கே அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே மணல் குவிந்திருக்கும். வடக்கே, 2000களின் படங்களில், கடற்கரைக்குப் பதில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து! ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது என்பதைப் பிள்ளைகளே ஊகிக்கட்டும். அளவுகோல் கருவியால் கரையின் அகலத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் எதிர்த்திசையில் போகும். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே மாதப் படங்களை ஒப்பிடுவது முக்கியம்.

பிறகு இன்னும் வடக்கே, சின்னமுதலியார்சாவடி வரை நகர்த்தச் சொல்லுங்கள். கல் கொட்டிய இடம் முடிந்ததும் அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்குவதைப் பார்ப்பார்கள். “அப்படியானால் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள்.