அன்றாட வாழ்விலும் உலகத்திலும் அமைதி நிலவ ஒரு சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்?

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறவர் வீட்டிலோ தெருவிலோ யாரோ ஒருவருடன் பேச்சை நிறுத்தியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படி இருந்தவன். பதினான்கு வருடம்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் எனக்குப் பதினோரு மா நிலம் (மூன்று மா ஓர் ஏக்கர்). எனக்கு மேல்மடை, அதாவது வாய்க்காலில் எனக்கு முன்னால் தண்ணீர் எடுப்பவர், என் பெரியப்பா மகன், அண்ணன். 2009ல் அவர் டிராக்டர் விட்டு உழுதபோது பொது வரப்பில் ஓர் அடி குறைந்துபோனது என்று ஆரம்பித்தது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். மறுவாரம் கல்லைக் காணோம். பிடுங்கியது அவர்தான் என்று நான், நான்தான் என்று அவர். அதோடு சரி. நடுவில் பெரியம்மா இறந்தார். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் எனக்குச் சோறு போட்டவர். பறைச் சத்தம் கேட்டுத் தெருமுனை வரை போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

2023ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டோம். ஆகஸ்டிலேயே ஆறு இளைத்துவிட்டது. முறை வைத்துத்தான் தண்ணீர். செப்டம்பரில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், என் வயலுக்கு வர வேண்டிய தண்ணீர் வரவில்லை என்று மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போனேன். வாய்க்காலின் குறுக்கே வாழை மட்டையும் மண் மூட்டையும் போட்டு அடைத்திருந்தது. பக்கத்தில் தலையில் துண்டோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் கத்திய கத்தலில் தூரத்துக் கொட்டகை நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. கையில் மண்வெட்டி. அந்த நிமிஷம் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. "வெட்டுறதுன்னா வெட்டு. அதுக்கு முன்னாடி என் வயலை வந்து பாரு" என்றார்.

போனேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பயிர் பொதியில், கதிர் வெளிவரப்போகிற பருவத்தில் நிற்கிறது, தோகை எல்லாம் ஊசி மாதிரி சுருண்டிருக்கிறது. குனிந்து வெடிப்பில் கையை விட்டேன், மணிக்கட்டு வரை இறங்கியது. மேல்மடைக்காரன் முழுத் தண்ணீரையும் குடிக்கிறான் என்று அத்தனை வருடமும் நான் நம்பியிருந்தேன். அவர் வயலிலும் வாய்மடை ஓரம் நாலு பாத்திதான் நனைந்திருந்தது. அப்புறம் அவரை என் வயலுக்குக் கூட்டிப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து ஒரு மூட்டையை அவரே எடுத்துக் கரையில் போட்டார்.

விடிவதற்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். பகல் அவருக்கு, ராத்திரி எனக்கு, மறுமுறை மாற்றி. மடை மாற்றும்போது இரண்டு பேரும் அங்கே நிற்க வேண்டும். இதுதான் முக்கியம். நேரில் நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கு ஆறு மா நிலம்தான் தேறியது, அவருக்கும் பாதி. ஆனால் அடிதடி இல்லை, காவல் நிலையம் இல்லை.

தேறிய நெல்லை ஒரே டிரெய்லரில் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒன்பது நாள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்புவார்கள், காயவைத்தால் சாக்கு இல்லை என்பார்கள், அதற்குள் மழை வந்துவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்தவன் நெல் மட்டும் அன்றே எடை போட்டாகிவிடும். விவசாயியை விவசாயியோடு வரிசையில் மோதவிடுகிற இந்த வழக்கத்தை யாரும் கேட்பதில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

அதே செப்டம்பர் 26ல், தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடக் கூடாது என்று பெங்களூரில் பந்த். டிவியில் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். "என் வயலை வந்து பாரு" என்று அண்ணன் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 2003ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, காவிரி குடும்பம் என்று இரண்டு மாநில விவசாயிகளும் கூடினார்கள். இங்கிருந்து போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள், அவர்கள் வந்து டெல்டாவின் காய்ந்த நிலத்தைப் பார்த்தார்கள். பங்கீடு அதனால் தீரவில்லை, 2018ல் உச்ச நீதிமன்றம்தான் தீர்த்தது. ஆனால் 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர்களை விரட்டி விரட்டி அடித்ததை நினைத்துப் பாருங்கள். அடுத்தவன் நிலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இருப்பது சின்ன விஷயமா? சிந்து நதிக்கு 1960ல் போட்ட ஒப்பந்தத்திலும் இரு நாட்டு ஆணையர்கள் வருடம் ஒரு தடவையாவது சந்திக்க வேண்டும், ஆற்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. 65, 71 போர்களில்கூட அது முறியவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பஹல்காம் தாக்குதலில் சொந்தங்களை இழந்தவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா என்று இங்கே சிலர் வருவார்கள். இல்லை. கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் வருடத்துக்கு 177.25 டிஎம்சி வந்தே ஆக வேண்டும். அடங்கிக் கிடப்பதை அமைதி என்றும் நான் சொல்லவில்லை. கூலி கேட்ட தகராறில் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. அதற்குப் பிறகு இங்கே வந்த காந்தியத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நிலக்காரர்களிடம் போய்ப் பேசிப் பேசி, நிலத்தை வாங்கி நிலமில்லாத பெண்கள் பேரில் எழுதிக் கொடுத்தார்கள். நியாயமும் கேட்டார்கள், எதிராளி வீட்டு வாசலுக்கும் போனார்கள். இரண்டும் சேர்ந்து நடக்கும்.

அந்த வருடம் பெரியம்மா திதிக்கு அண்ணி வந்து கூப்பிட்டார்கள். போனேன். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லைக் கல்லை இன்னும் நடவில்லை. சர்வேயருக்கு இரண்டு பேரும் சேர்ந்து பணம் கட்டுவதாகப் பேசியிருக்கிறோம். இந்த அறுப்பு முடியட்டும்.