வாசகர் கேள்விகள்: கைவண்டி இழுத்தவர்களும் வழி நடத்தியவர்களும்

சென்ற இதழில், கோவையிலிருந்து அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிக்குப் பணிக்குச் சென்ற இளைஞர் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டிருந்தோம். அந்நகரை உருவாக்கிய, அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான மார்மன்களைப் பற்றி அவர் நான்கு வரிகள்தாம் எழுதியிருந்தார். ஆனால் அதைப் படித்த வாசகர்கள் விடவில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அதிகம் படிக்காத குடியானவர் மகன் என்று அக்கடிதத்தில் கண்டேன். அப்படிப்பட்ட ஒருவரை அத்தனை பேர் எவ்வாறு நம்பினார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருந்துறை)

பதில்: ஜோசப் ஸ்மித் 1805 டிசம்பர் 23 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளம்பிய சாம்பல் வானத்தை மறைத்ததால், மறு ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கில் கோடைக்காலத்திலேயே உறைபனி விழுந்து பயிர்கள் கருகின. தொடர்ந்து விளைச்சல் பொய்த்துக் கடன்பட்டிருந்த ஸ்மித் குடும்பம், ஊரைவிட்டு நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மழை பொய்த்தால் மூட்டை கட்டும் வழக்கம் நம் பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதிதன்று.

அவர்கள் சென்று சேர்ந்த பகுதியில் அப்போது ஒவ்வொரு கிறிஸ்தவப் பிரிவும் தனித்தனியே எழுப்புதல் கூட்டங்களை நடத்தி, தாமே மெய்யான சபை என்று வாதிட்டுக் கொண்டிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான், தமக்குத் தேவதூதன் தோன்றிப் பொற்தகடுகள் புதைந்திருந்த இடத்தைக் காட்டியதாகவும், அவற்றை இறையருளால் மொழிபெயர்த்ததாகவும் ஜோசப் கூறினார். அதற்கு முன்னர் அவர் கூலிக்குப் புதையல் தேடிக் கொடுக்கும் வேலையில் ஈடுபட்டு, 1826-இல் அதற்காக நீதிபதி முன் நிற்கவும் நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்த மொழிபெயர்ப்பே மார்மன் புத்தகம்; அது 1830-இல் 5,000 படிகள் அச்சாயிற்று. அச்சுக்கூலியான 3,000 டாலருக்குத் தம் நிலத்தை அடமானம் வைத்தவர் மார்ட்டின் ஹாரிஸ் என்ற வசதியான விவசாயி. நிலம் பின்னர் கைவிட்டுப் போயிற்று. அவருடைய இல்லறமும் குலைந்தது.

எனக்கு ஜோசப்பைக் காட்டிலும் இந்த ஹாரிஸ்தான் வியப்பளிப்பவர். பொற்தகடுகளைக் கண்டதாகச் சாட்சிக் கையொப்பமிட்ட மூவரில் இவரும் ஒருவர். மூவருமே 1838-க்குள் ஜோசப்புடன் பிணங்கிச் சபைக்கு வெளியே போய்விட்டனர். ஆயினும் ஒருவரேனும் தம் சாட்சியத்தைத் திரும்பப் பெறவில்லை. ஹாரிஸ் தம் 87-ஆவது வயதில், 1870-இல், சால்ட் லேக் சிட்டி அமைந்த உட்டாவுக்குச் சென்று மீண்டும் சபையில் இணைந்தார். நம்புகிறவர்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். நம்பாதவர்கள் மனித மனத்தின் விந்தையாகக் கொள்கிறார்கள்.

தாங்கள் கேட்ட ‘எவ்வாறு’ என்பதற்கு நான் கண்ட விடை எளியது. அது படித்துப் பட்டம் பெற்ற பாதிரிமார் இல்லாத சபை. தொப்பி செய்து விற்ற எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் அதன் முதல் பேராயர் ஆனார். குயவரான ஹீபர் கிம்பலும், தச்சு வேலையும் சாயம் பூசும் வேலையும் செய்துவந்த பிரிகாம் யங்கும் அப்போஸ்தலர்கள் ஆனார்கள். மற்ற சபைகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இங்கே பொறுப்பும் பட்டமும் கிடைத்தன. அதே வேகம் தான் பகையையும் தேடித் தந்தது. ஓஹாயோவில் அவர்கள் தொடங்கிய வங்கி 1837-இல் முறிந்தது; மிசௌரியில் அவர்களை ஒழிக்கவோ விரட்டவோ வேண்டும் என்று ஆளுநரே 1838-இல் ஆணையிட்டார். இல்லினாய் மாநிலத்தில் அவர்கள் கட்டிய நாவூ நகரில், தம்மைக் கண்டித்து வெளிவந்த செய்தித்தாளின் அச்சகத்தை உடைக்கச் செய்த ஜோசப், அதைத் தொடர்ந்த வழக்குகளில் கார்த்தேஜ் சிறையில் இருந்தபோது, 1844 ஜூன் 27 அன்று உள்ளே புகுந்த கும்பலால் அண்ணன் ஹைரமுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38.

கேள்வி: தலைவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள்? ஒருவருக்குப் பல மனைவியர் என்பதை எப்படிப் பொறுத்துக் கொண்டார்கள்? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: எல்லோரும் பொறுத்துக் கொள்ளவில்லை, அம்மணி. ஜோசப்பின் மனைவி எம்மா, தந்தையின் எதிர்ப்பை மீறி 1827-இல் அவரை மணந்தவர். கணவர் சொல்லச் சொல்ல மார்மன் புத்தகத்தின் பகுதிகளை எழுதியவர். சபையின் முதல் பாமாலையைத் தொகுத்தவர். 1842-இல் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் முதல் தலைவி. கணவர் மறைவாக வேறு பெண்களை மணந்ததை அவர் எதிர்த்தார். ஜோசப்புக்கு 30 முதல் 40 மனைவியர் இருந்திருக்கலாம் என்று சபையே 2014-இல் ஒப்புக்கொண்டது; ஆனால் எம்மா 1879-இல் இறக்கும்வரை, தம் கணவருக்கு வேறு மனைவி இருந்ததில்லை என்றே கூறி வந்தார். ஜோசப்புக்குப் பின் சபையை உட்டாவுக்கு வழிநடத்திய பிரிகாம் யங்குடன் மேற்கே போக மறுத்து, நாவூவிலேயே மறுமணம் செய்துகொண்டு வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் 1860-இல் தனிப்பிரிவு ஒன்றுக்குத் தலைவரானார்.

மறுபுறம் கவிஞர் எலைசா ஸ்னோ முதலில் ஜோசப்புக்கும், அவருக்குப் பின் பிரிகாம் யங்குக்கும் மனைவியாக இருந்து, அம்முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். உட்டாவில் பெண்கள் சங்கத்தை ஊர் ஊராகச் சென்று கட்டியெழுப்பினார். உட்டாப் பெண்கள் 1870-இலேயே வாக்களித்தார்கள் என்பதும், பலதார மணத்தை ஒடுக்க வந்த 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாக்குரிமையையும் சேர்த்துப் பறித்தது என்பதும் பலர் அறியாதவை.

ஆயினும் இவர்கள் இருவரையும்விட ஒருவரைப் பற்றித் தங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஜேன் மானிங். சபையில் சேர்ந்தபின், 1843-இல் தாய், உடன்பிறந்தோர் ஆகியோருடன் நாவூவுக்குப் புறப்பட்டார். பஃபலோ நகரில் அவர்களைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 800 மைல், நம் கணக்கில் கோவையிலிருந்து மும்பைக்குள்ள தொலைவை, அவர்கள் நடந்தே கடந்தார்கள். காலணி தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த தடத்தில் இரத்தம் பதிந்ததாக முதுமையில் அவரே சொல்லி எழுதுவித்திருக்கிறார். அடிமைகள் அல்லர் என்பதற்குச் சான்று காட்டுமாறு வழியில் மிரட்டப்பட்டார்கள். நாவூவில் ஜோசப் வீட்டிலேயே தங்கித் துணி வெளுத்தும் பிற வேலைகள் செய்தும் வாழ்ந்த ஜேன், 1847-இல் உட்டாவுக்கும் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் 1852-இல் பிரிகாம் யங் கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் இல்லை என்று அறிவித்தார். கோயிலின் உயர்சடங்குகளுக்கு அனுமதி கேட்டு ஜேன் தலைவர்களிடம் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1894-இல் அவருக்கெனத் தனிச்சடங்கு ஒன்று செய்து, மறைந்த ஜோசப்புக்கு அவரை என்றென்றைக்கும் ‘ஊழியக்காரி’யாக இணைத்தார்கள், அதில் நிறைவடையாமல் அவர் மறுபடி விண்ணப்பித்தார். 1908-இல் இறந்தார். அந்தத் தடை நீங்கியது 1978-இல்.

கேள்வி: இன்றும் மார்மன்கள் பல மனைவியரை மணக்கிறார்களா? (பவானி)

பதில்: இல்லை. வில்ஃபோர்ட் உட்ரஃப் தலைவராக இருந்தபோது 1890-இல் வெளியிட்ட அறிக்கை அதை நிறுத்தியது. 1904 முதல் மீறுபவர்கள் விலக்கப்படுகிறார்கள். பிரிந்து போன சிறு குழுக்கள் சில இன்றும் அவ்வாறு வாழ்கின்றன.

கேள்வி: உப்பு ஏரிக்கரையில் வெள்ளாமை செய்தார்கள் என்று படித்தேன். நம்பும்படி இல்லையே! (விவசாயி, தாராபுரம்)

பதில்: ஏரி நீர்தான் உப்பு, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் நன்னீர். 1847 ஜூலை 23 அன்று முன்னணிக் குழுவினர் ஏர் பூட்டியபோது, காய்ந்து கிடந்த மண்ணில் கலப்பைகள் உடைந்தன. உடனே ஓடையின் குறுக்கே அணை போட்டு, நீரைப் பரவவிட்டு, மண் இளகிய பின் உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். மறுநாள்தான் காய்ச்சலோடு பிரிகாம் யங் வந்து சேர்ந்தார். ஓடை நீர் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது என்பது அவர் முதலில் வகுத்த விதிகளில் ஒன்று. வாய்க்கால் வெட்ட உழைத்தவனுக்குப் பங்கு, முறைவைத்துத் தண்ணீர். காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பவானி ஆற்றை மறித்து, 13-ஆம் நூற்றாண்டிலேயே கொடுமுடிப் பக்கம்வரை நீர் கொண்டுபோன மரபு நம்முடையது. தாம் வெட்டிய வாய்க்காலின் நீரைத் தம் வம்சம் தொடாது என்று காளிங்கராயன் ஊரைவிட்டே போனதாக நம்மிடம் கதை உண்டு. பிரிகாம் யங் அப்படிப்பட்டவரல்லர், செல்வராகவே இறந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கு வெற்றிடமும் அன்று. யூட், ஷோஷோனி மக்கள் நடமாடிய நிலம் அது. குடியேற்றம் பெருகப் பெருக அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். 1857 செப்டம்பரில் மவுன்டன் மெடோஸ் என்னுமிடத்தில், கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏறத்தாழ 120 பயணிகளை மார்மன் படைத்திரளினர் கொன்றதையும் மறைப்பதற்கில்லை. இருபது ஆண்டுக்குப் பின், அதற்காகப் பலிகடா ஆக்கப்பட்டது போல ஒரேயொருவர், ஜான் லீ, சுட்டுத் தண்டிக்கப்பட்டார்.

கேள்வி: இங்கிலாந்து நெசவாலைத் தொழிலாளர்கள் மார்மன்களாகிக் கப்பலேறினார்கள் என்பது உண்மையா? (நெசவாளர், சென்னிமலை)

பதில்: உண்மை. 1837-இல் குயவர் ஹீபர் கிம்பலும் துணைவர்களும் முதலில் ஊழியம் தொடங்கியது பருத்தி ஆலைகள் நிறைந்த பிரெஸ்டன் நகரில்தான். ரிபிள் ஆற்றில் முதல் ஞானஸ்நானம் யாருக்கு என்று இருவர் ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். வென்ற ஜார்ஜ் வாட் பின்னாளில் பிரிகாம் யங்கின் உரைகளைச் சுருக்கெழுத்தில் பதிந்தவர். அதே வட்டாரத்தில் ஆலைக் கணக்கராக இருந்த வில்லியம் கிளேட்டன், 1847 பயணத்தில் வண்டிச் சக்கரத்தில் துணி கட்டி, 360 சுற்றுக்கு ஒரு மைல் என்று எண்ணிக்கொண்டே நடந்தவர். எண்ணிச் சலித்தபின்தான் மரப் பற்சக்கரங்களால் தூரமானி செய்தார்கள். 1851 அளவில் உட்டாவில் இருந்ததைக் காட்டிலும் பிரிட்டனில்தான் மார்மன்கள் அதிகம்.

கூலிக்காரர்களுக்குக் கப்பல் கட்டணம் ஏது? 1849-இல் சுழல்நிதி ஒன்று தொடங்கினார்கள். போய்ச் சேர்ந்தவர் உழைத்துத் திருப்பிச் செலுத்த, அடுத்தவர் புறப்படுவார். வெட்டுக்கிளியும் வறட்சியும் தாக்கிய 1855-இல் நிதி வற்றவே, மாட்டுவண்டிக்குப் பதில் கைவண்டி என்ற திட்டத்தைப் பிரிகாம் யங் வகுத்தார். பெரியவர் ஒருவருக்குச் சுமை 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1856-இல் கடைசி இரு குழுக்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர், பருவம் தப்பிப் புறப்பட்டன. பச்சை மரத்தில் செய்த வண்டிகள் காய்ந்து பிளந்தன. நெப்ராஸ்காவில் நடந்த கூட்டத்தில் லீவை சாவேஜ் என்ற உதவித்தலைவர் எழுந்து, இந்தப் பருவத்தில் போனால் முதியோரும் குழந்தைகளும் மடிவார்கள் என்று கண்ணீருடன் எச்சரித்தார். அவரைக் கடிந்துகொண்டு, புறப்படுவதென்றே முடிவு செய்தார்கள். தாம் சொன்னது மெய் என்றும், ஆயினும் நீங்கள் போவதானால் நானும் வருகிறேன் என்றும் சொல்லி அவர் உடன் நடந்தார். வயோமிங்கில் அக்டோபரிலேயே பனி பிடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தி எட்டிய மறுநாளே பிரிகாம் யங் மீட்புக் குழுவைத் திரட்டத் தொடங்கியது பெரிய காரியம். ஆனால் பழியை முழுவதும் தம் கீழுள்ளவர்கள்மேல் சுமத்தியதை என்னால் ஏற்க இயலவில்லை.

கேள்வி: இவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது உண்டா? (பொள்ளாச்சி)

பதில்: உண்டு; மேலே சொன்ன லீவை சாவேஜே இந்தியா வந்தவர்தான். உட்டாவிலிருந்து அனுப்பப்பட்ட குழுவினர் ‘மான்சூன்’ என்ற கப்பலில் 1853 ஏப்ரலில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) என்று புறப்பட்ட சாவேஜ் பர்மாவில் தங்கிவிட்டுத் திரும்பினார். அவருடன் வந்த ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் இருவரும் அதே ஆண்டு சென்னைக்கு வந்தனர். ஸ்காட்லாந்தில் ரொட்டி சுடும் தொழில் செய்த பாலன்டைன், 1849-இல் சால்ட் லேக்கில் தம் வீட்டிலேயே அப்பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். சென்னையில் துண்டுப் பிரசுரங்களும் மாத இதழ் ஒன்றும் அச்சிட்டார், எல்லாம் ஆங்கிலத்தில். செவிமடுத்தவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியர்களுமே. பலதார மணத்தைச் சபை 1852-இல் பகிரங்கமாக அறிவித்திருந்தபடியால் கதவுகள் பல மூடின. ஏறத்தாழ ஓராண்டில் சிலருக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறினார்.

நம் கோவைக்கு அந்த நம்பிக்கை வந்தது ஊழியர்கள் வழியே அன்று. சிமெண்ட் நிறுவனமொன்றில் பணியாற்றிய ஒருவர், கையில் கிடைத்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு அமெரிக்காவுக்குத் தாமே கடிதம் எழுதி, 1960-களில் ஞானஸ்நானம் பெற்றார். அவரைச் சுற்றியே இப்பகுதியின் சிறு சபை உருவாயிற்று. அந்நாட்களை நேரில் கண்ட வாசகர்கள் இருப்பின், தம் நினைவுகளை எழுதி அனுப்பினால் வெளியிடுவோம்.